கட்டில் அண்ணன் கேட்காத கேள்வி

எங்கள் சேவைச் சங்கத்தில் பேசுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் பிடுங்கத்தான் ஆள் வேண்டும். ஆனால் "இந்த மாச நன்கொடை" என்று நான் வாயைத் திறந்ததும் பாதிப் பேருக்கு அவசரமாகப் போன் வந்துவிடும். நான் பொருளாளர். அச்சகம் நடத்துகிறேன். சங்கத்தின் நோட்டீஸ், ரசீது, குலுக்கல் சீட்டு எல்லாம் என்னிடம்தான் அச்சாகும். கூலி கேட்டால் "சேவைதானேம்மா" என்று பல்லைக் காட்டுவார்கள். அதனால் இந்த உறுப்பினர்கள் மேல் எனக்குத் தீராத கடுப்பு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. அந்தக் கடுப்பிலிருந்து நான் விலக்கு அளித்திருக்கும் ஒரே ஆள் கட்டில் அண்ணன்.

அவர் தொழில் டிரைவிங் ஸ்கூல். பழைய கார்கள், அவற்றைவிடப் பழைய ஒரு வேன், தகரக் கூரை போட்ட ஆபீஸ், அதற்குப் பின்னால் ஒரு ஷெட். வாட்டசாட்டமான ஆள். கோபம் வந்தால் குரல் தெருமுனை வரை கேட்கும். ஓட்டப் பழக வந்தவர்களுக்கு இவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே கை கால் உதறும். ஆகவே உண்மையில் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி. வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தாலும் அண்ணி பதற மாட்டார். "சரி, சுவரு எங்க இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே இடிக்க மாட்டீங்க" என்பார். நானே அண்ணியிடம்தான் பழகினேன். சுவரும் இடித்திருக்கிறேன்.

கட்டில் அவர் தலையில் விழுந்த கதைக்கு வருகிறேன். ஒரு வருஷம் சங்கம் குலுக்கல் சீட்டு விற்றுப் பணம் திரட்டி, படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்கு இலவசமாக இரவல் கொடுக்க ஆஸ்பத்திரிக் கட்டில்கள் வாங்கியது. தலைமாட்டையும் கால்மாட்டையும் தூக்கி இறக்க அடியில் கைப்பிடி வைத்த கனமான இரும்புக் கட்டில்கள். உறுப்பினர்கள் முறைவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். ஏகமனதாகப் போடும் தீர்மானங்களின் கதி எனக்குத் தெரியாததா? முதல் மாதமே ஒருவருக்கு முதுகுவலி வந்தது. இன்னொருவருக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. தலைவர் பல் டாக்டர், அவருக்கு விரல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பிழைப்பு. வேன் வைத்திருந்த பாவத்துக்கு எல்லாம் அண்ணனிடம் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் நன்கொடையைப் பணமாகக் கொடுத்தார்கள், அதுவும் நான் துரத்தித் துரத்தி. இவர் டீசலாகவும் தோளாகவும் கொடுத்தார். காசு கட்டிக் கார் ஓட்டப் பழக வந்தவர்களும் தப்பவில்லை. "வாங்க, ஒரு கை பிடிங்க" என்று வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எங்கள் ஊரில் லைசென்ஸ் வாங்கிய பல பேருக்குக் கியர் போடுவதற்கு முன்னால் கட்டில் தூக்கத் தெரிந்திருந்தது.

இந்த வேலையை அவர் செய்யும் விதமே தனி. கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டி முடித்ததும், அங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொல்வார். "கைப்பிடியைப் பாக்காதீங்க. படுத்திருக்கறவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சுத்துங்க. சுளிச்சாங்கன்னா நிறுத்திடுங்க." அண்ணன் வாழ்க்கையில் கத்தாமல் சொல்லிக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டார். போனால் கட்டிலைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களாம். படுத்திருப்பவர் எப்போது போவார் என்று விசாரிப்பது போல ஆகிவிடுமாம். தானாகத் தகவல் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போவார். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். டீ கொடுத்தாலும் வேண்டாம் என்பார். தலையைக் குனிந்தபடி கட்டிலைக் கழற்றி, வேனில் ஏற்றி, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடுவார்.

ஷெட்டில் வைத்து அதைக் கிருமிநாசினி போட்டுக் கழுவி, மெத்தையை வெயிலில் காயவைத்து, கைப்பிடிக்கு எண்ணெய் விட்டு, அடுத்த வீட்டுக்குத் தயார் செய்வார். சங்கத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. கட்டில் திரும்பி வந்தது என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். மாதக் கூட்டத்தில் பல் டாக்டர், "இந்த மாசம் திரும்பி வந்த கட்டில்களுக்காக" என்று தொண்டையைக் கனைப்பார். நாங்கள் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம். பிறகு பிஸ்கட் சாப்பிடுவோம்.

போன வருஷம் ஒரு காலையில், டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் செயலற்றுப்போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, ஷெட்டிலிருந்து ஒரு கட்டில் அண்ணன் வீட்டுக்கே போனது. அதை மாட்டும்போது அவர் தனியாகவே மாட்டினார், யாரையும் கை பிடிக்கக் கூப்பிடவில்லை.

அண்ணியின் பேச்சு முதலில் குழறியது, பிறகு தெளிந்துவிட்டது. டாக்டர் அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்: பக்கத்து நகரத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த அளவு பாதிப்புக்கு வீட்டிலேயே வைத்துச் செய்ய முடியாது, அங்கே போய்ச் சில மாதம் தங்க வேண்டும். நடப்பார் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது, ஆனால் வாய்ப்பு இருக்கிறது. நாளைக் கடத்தினால் தசைகள் இறுகிவிடும், பிறகு யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணி போகலாம் என்றார். அண்ணன் வேண்டாம் என்றார். பணத்துக்கு யோசிக்கிறாரோ என்று நான்கூட நினைத்தேன். அது இல்லை. அண்ணிக்காக ஒரு காரை விற்கக்கூட அவர் தயங்கியிருக்க மாட்டார்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் அண்ணி என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது எதிர்வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான். பக்கத்து ஸ்டூலில் மாத்திரை டப்பா, வெள்ளரிக்காய்த் துண்டுகள், மடித்துவைத்த துண்டு. எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. காலையும் மாலையும் வந்துபோக ஒரு நர்ஸம்மாவையும் ஏற்பாடு செய்திருந்தார். பார்த்துக்கொள்வதில் அண்ணன் ஒரு குறை வைக்கவில்லை.

"எனக்கு நடக்கணும்மா," என்றார் அண்ணி, நான் உட்காருவதற்கு முன்பே. "உங்க அண்ணன்கிட்ட நீ பேசு. நான் சொன்னா, 'சரி சரி, நீ தூங்கு'ங்கிறாரு. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி. இந்தக் கால் கட்டை விரலு நேத்து அசைஞ்சுது. காட்டலாம்னு கூப்பிட்டா, கம்பளியை இழுத்து மூடிட்டுப் போறாரு."

நேராக ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் கீழே உட்கார்ந்து ஒரு கட்டிலின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அண்ணியை ஏன் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறீங்க?"

அவர் நிமிரவில்லை. "தங்கச்சி, இந்தக் கட்டிலுங்க எத்தனை வீட்டைப் பாத்திருக்கும்? எல்லாத்தையும் நான்தான் கொண்டுபோனேன், நான்தான் கொண்டுவந்தேன். ஒருத்தராவது எந்திரிச்சு நடந்து வந்து, 'இந்தாங்க உங்க கட்டிலு'ன்னு கொடுத்திருக்காங்களா? டாக்டர் வாய்ப்பு இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. திரும்பி வர்ற கட்டிலைத் தூக்கறது அவரு இல்லயே. அங்க கொண்டுபோயி கையைக் காலை முறுக்கி, அவளைக் கதற வச்சு, கடைசில என்ன? இருக்கற வரைக்கும் நோகாம இருக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க இப்பவே அவங்களை முடிச்சு வச்சுட்டீங்க அண்ணா. அவங்க அங்க உசுரோட, புத்தியோட, உங்க மேல கோவத்தோட படுத்திருக்காங்க."

அவர் கையை நீட்டி எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்தார். திருகை எண்ணெயில் போட்டு ஊறவைத்தார். நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், வீட்டுக்கு வந்ததும் பாவமாக இருந்தது. அந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் என்றால் சுலபமாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் பார்த்ததையெல்லாம் நான் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேனோ என்று ஒரு யோசனை வந்தது.

இப்போது சோடாக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோடாக் கம்பெனி நடத்திப் பிள்ளைகளைக் கரையேற்றியவர், சங்கத்தின் மூத்த உறுப்பினர், என் நிரந்தரத் தலைவலி. கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "டீக்கு இவ்வளவா? பால்ல குளிச்சீங்களா?" என்று கணக்கைத் தோண்டித் துருவுவார். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது, கல்லுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு கட்டில் வாங்கலாமே என்று கேட்டவரும் இவர்தான். அது பெரிய சண்டையாகி, "இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். சில வாரத்தில் அவருக்கும் பக்கவாதம் வந்துவிட்டது. அண்ணிக்குக் கொஞ்சம் முன்னால். அவர் வீட்டுக்கும் எங்கள் கட்டில்தான் போனது. நாங்கள் ஒரே ஒரு தடவை பழக்கூடையோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே சாக்காக வைத்து யாரும் மறுபடி போகவில்லை. அண்ணன் வழக்கம்போல எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸுக்குத் தகவல் வந்தது. சோடாக்காரர் வீட்டுக் கட்டிலை எடுத்துக்கொள்ளலாம், வெளியூர் கிளம்புகிறோம், வராந்தாவில் வைத்திருக்கிறோம். அண்ணன் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வீடு பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் கட்டிலைக் கழற்றி வைத்திருந்தார்கள், மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்தான் நின்றாராம். அண்ணன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டிலை ஏற்றிக்கொண்டு வந்தவர், பல் டாக்டருக்குப் போன் செய்தார்.

"சோடாக்காரர் வீட்டுக் கட்டிலு வந்துடுச்சு டாக்டர்."

"அடடா! எப்ப?"

"தெரியல. வீடு பூட்டியிருக்கு. பொண்ணு ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க போல."

அவ்வளவுதான். செய்தி சங்கம் முழுக்கப் பரவிவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களிடம் இருந்தது சோடாக்காரரின் போன் நம்பர் மட்டும்தான். செத்துப்போனவர் நம்பருக்குப் போன் போட யாருக்குத் தைரியம் வரும்?

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். வருஷக்கணக்காக எனக்குத் தண்ணி காட்டியவர்கள் எல்லாம் அச்சகத்தைத் தேடி வந்து பணத்தை நீட்டினார்கள். உயிரோடு இருந்தபோது போய்ப் பார்க்காத குற்ற உணர்ச்சி மனுஷர்களை எப்படி வள்ளல்களாக்கிவிடுகிறது! அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த விதைக்கடைக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கொடுத்தார். பல் டாக்டர் நினைவு நிதி என்று அறிவித்துவிட்டார். அந்த நிதியில் புதுக் கட்டில்கள் வாங்குவதாகத் தீர்மானம். நினைவுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. சங்கத்தின் ஆல்பத்தைப் புரட்டினால் எந்தப் படத்திலும் மனிதர் உர்ரென்று இருக்கிறார். கடைசியில் ஆண்டு விழாப் பந்தியில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் சாந்தமாகத் தெரிந்தார். அதைப் போட்டேன்.

சங்கக் கூட்டம் பர்னிச்சர் கடை மாடியில் உள்ள ஹாலில்தான் நடக்கும். அன்று நாற்காலிகள் நிரம்பி ஆட்கள் நின்றார்கள். மேடையில் அந்தப் படம், முன்னால் ஒரு பூச்செண்டு. நான் பக்கவாட்டில் மேஜை போட்டு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் ஹாலின் கதவு எனக்கு மட்டும் நேராகத் தெரிந்தது. விதைக்கடைக்காரர் பேசும்போதே அழுதுவிட்டார். அடுத்து பல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். அப்போது படிக்கட்டில் டக் டக்கென்று கைத்தடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு சோடாக்காரர் உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி. மூச்சு வாங்கியபடி, தன் வழக்கமான கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எழுதிக்கொண்டிருந்த ரசீதில் என் பேனா அப்படியே நின்றுவிட்டது. கத்தவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

"கணக்குல கறாரு. மனசு தங்கம்," என்று பல் டாக்டர் உருகிக்கொண்டிருந்தார். "கடைசி மூச்சு வரைக்கும் அவரு நம்ம சங்கத்தை மறக்கல."

"மறக்கல டாக்டர்," என்றது பின்னாலிருந்து குரல். "போன ஆண்டு விழா செலவுக் கணக்கையும் மறக்கல. அது இன்னும் வந்து சேரல."

ஹாலே திரும்பியது. யாரோ ஒருவர் வீலென்று கத்தினார். நாற்காலிகள் சரிந்தன. பல் டாக்டர் மைக்கோடு பின்வாங்கிப் பூச்செண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?" என்றார் சோடாக்காரர். "பொண்ணு ஊருல இருந்து காலைலதான் வந்தோம். மருந்துக்கடை வாசல்ல என் படத்தைப் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. கண்ணாடி இல்ல, பெரிசா போட்டிருந்த இன்னிக்குத் தேதியைத் தவிர எதையும் படிக்க முடியல. பரவால்லயே, மதிச்சுக் கூப்பிடுறாங்களேன்னு கோவத்தை விட்டுட்டு வந்தேன்."

கொஞ்ச நேரம் சிரிப்பும் அழுகையும் கூச்சலுமாக இருந்தது. விதைக்கடைக்காரர் மெதுவாக என் மேஜைக்கு வந்து, "ரசீது... போட்டாச்சா?" என்று காதோடு கேட்டார். சோடாக்காரருக்குக் கால்தான் போயிருந்தது, காது கூர்மையாகவே இருந்தது. "என்னய்யா, செத்தா கொடுப்பீங்க, பொழைச்சுட்டா திருப்பி வாங்கிக்குவீங்களா?" என்றார். விதைக்கடைக்காரர் அசடு வழியப் போய் உட்கார்ந்தார். கொடுத்த பணத்தை யாரும் வாங்கவில்லை. கட்டில்கள் பிறகு வந்து சேர்ந்தன.

நான் அண்ணனைத் தேடினேன். சுவரோரமாக நின்றிருந்தவர் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நேராகச் சோடாக்காரரிடம் போனார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய இடது முழங்காலையும் கெண்டைச் சதையையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார், டயரில் காற்று பார்ப்பதைப் போல.

"இந்தக் காலுதானே போச்சு?"

"இதே காலுதான்."

"எப்படி வந்துச்சு?"

"எப்படியா? வலிச்சுது. கதறினேன். பொண்ணு ஒரு பயிற்சியாளரம்மாவை ஏற்பாடு பண்ணிச்சு, அவங்க வந்து காலைப் பிடிச்சு மடக்குவாங்க. நான் அவங்க குடும்பத்தையே திட்டுவேன். இவ பக்கத்துல நின்னு என்னைத் திட்டுவா." மனைவியைக் காட்டினார். "ரெண்டு தடவை விழுந்தேன். அப்புறம் வந்துடுச்சு. ஆமா, நீங்க கட்டிலை எடுக்க வந்தீங்களே, பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை என்னைப் பத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே?"

"நான் கேக்கறதில்லைங்க," என்றார் அண்ணன். "எந்த வீட்லயும் கேக்கறதில்ல."

அப்போதுதான் செருப்புக்கடைக்காரர் முன்னால் வந்தார். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். "எங்க மாமியார்கூட எந்திரிச்சுட்டாங்களே அண்ணே," என்றார். "உங்களுக்குத் தெரியாதா? இப்ப மாடி ஏறி வந்து என்னைத் திட்டுறாங்க. அந்த நன்றிக்குத்தான் நான் சங்கத்துலயே சேர்ந்தேன். நீங்க கட்டிலை எடுக்க வந்தப்ப அவங்க பின்கட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போனீங்க. கட்டில்ல கீறல் விழுந்துடுச்சேன்னு வருத்தம்னு நினைச்சேன்."

அந்த அம்மாளுக்காகவும் நாங்கள் எழுந்து ஒரு நிமிஷம் நின்றிருக்கிறோம். பிஸ்கட்டும் சாப்பிட்டிருக்கிறோம்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை கேட் போட்ட வீடு," என்றார் மெதுவாக. "ஆமாண்ணே," என்றார் செருப்புக்கடைக்காரர். அண்ணன் வாய்க்குள்ளேயே வேறு சில வீடுகளைச் சொல்லிப் பார்த்தார். தையல்கடை மாடி, ரயில்வே கேட்டைத் தாண்டி மூலை வீடு, கிணற்றுச் சந்து. ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்துகொண்டு தூக்கி வந்த கட்டில்கள். அவற்றில் பலவற்றில் ஆள் போய்த்தான் இருப்பார். ஆனால் எத்தனை பேர் அப்போது பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. மரியாதை மரியாதை என்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்து, எல்லோரையும் மனசுக்குள்ளேயே புதைத்துவிட்டு, அந்தக் கணக்கைக் கொண்டுபோய்ச் சொந்தப் பெண்டாட்டியின் தலையில் எழுதியிருந்தார். இது அவருக்கு உறைத்ததை நான் நேரிலேயே பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் ஏங்கி ஏங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு எழுந்தார். "ஐயா, உங்களால வேன்ல ஏற முடியுமா? தங்கச்சி, நீயும் வா."

வீட்டுக்குப் போனோம். சோடாக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் நடந்து காட்டினார். அண்ணி கண்ணிமைக்காமல் அவர் காலையே பார்த்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "மொதல்ல எது அசைஞ்சுது? விரலா, கணுக்காலா? படி ஏற எவ்வளவு நாளாச்சு? கைக்கு என்ன பண்ணாங்க?" என்று வரிசையாகக் கேட்டார். அவரும் ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கே கிளம்பிடுவோம்," என்றார் அண்ணன் முந்திக்கொண்டு. "வேன்ல மெத்தை போட்டு..."

"இத்தனை மாசமா நான் சொன்னேன்," என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "என் காலைப் பத்தி நான் சொன்னேன். விரல் அசையுது, வந்து பாருங்கன்னு சொன்னேன். நீங்க நம்பல. இன்னிக்கு இவரு காலைப் பாத்துட்டு ஓடி வர்றீங்க."

சோடாக்காரர் ஜன்னலைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"பயமா இருந்துச்சு," என்றார் அண்ணன் கடைசியில். "நீ ஆசையா போயி, அங்கயும் நடக்காமப் போச்சுன்னா..."

"அது என் ஆசை. நடக்காட்டி அழப்போறதும் நான்தான். அதுக்கும் சேத்து நீங்களே பயந்து முடிச்சுட்டீங்க."

"தப்புதான்."

"தப்புதான்னு சொல்லி மழுப்பாதீங்க."

"என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன்."

அந்த வாரமே இருவரும் கிளம்பிப் போனார்கள். அவர் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டு அங்கேயே கூடத் தங்கினார். தாமதமானதற்கு விலை இருந்தது. அண்ணியின் இடது கை இன்னும் சரியாக வரவில்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். கால் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் கைத்தடியோடு என் அச்சகத்துக்கு நடந்து வந்து, நோட்டீஸில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிட்டுப் போகிறார். இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு மனசில் நிற்பது அன்றைக்கு அந்த அறையில் அண்ணி கேட்டதுதான்.

"நர்ஸம்மா காலையிலயும் சாயங்காலமும் வந்து என்னைத் தூக்கி உக்கார வைக்கறாங்க," என்றார் அண்ணி. "அப்பல்லாம் நீங்க வாசலுக்குப் போயிடுறீங்க. ஊரார் கட்டிலையெல்லாம் தூக்குனீங்கல்ல. இப்ப என்னைத் தூக்குங்க."

அண்ணன் கட்டிலருகே போனார். இரும்புக் கட்டிலை ஒற்றை ஆளாக வேனில் ஏற்றுகிற கைகளைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். ஒரு கையை அண்ணியின் முதுகுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, கண்ணாடிச் சாமானை எடுப்பது போல, பட்டும் படாமல் தூக்கினார். அண்ணி தன் நல்ல கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"இறுக்கிப் பிடிங்க," என்றார். "நான் உடைஞ்சுபோயிட மாட்டேன்."